ரயில் யாருக்கு? கடன் யாருக்கு?

(சின்னியம்பாளையம் தியாகிகள் நினைவு நாளையொட்டி, அவிநாசி சாலையில் நடந்த மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1946-ம் ஆண்டு ஜனவரி 8-ந் தேதி கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட தோழர்கள் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் ஆகிய நால்வரையும் வணங்கி நமது பேச்சைத் தொடங்குகிறோம். மில் தொழிலாளிகளான அவர்கள் நடந்து போன சாலைதான் இந்த அவிநாசி சாலை. உக்கடத்திலிருந்து நீலாம்பூர் வரை சுமார் 20 கிலோமீட்டருக்கு மெட்ரோ ரயில் விடுவதாகத் திட்டம் போட்டதும் இதே சாலையில்தான். சத்தியமங்கலம் சாலையில் இன்னொரு வழி. இரண்டுக்கும் சேர்த்துப் போட்ட மதிப்பு 10,740 கோடி ரூபாய்.

இந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று ஒரு மில் வாசலில் நோட்டீஸ் கொடுத்தபோது ஒரு தோழர் நம்மைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க, போனசைப் பத்திப் பேசாமெ ரயிலைப் பத்திப் பேசறீங்க? அது படிச்சவங்க சமாச்சாரமுங்களே" என்றார். அதே வாரம் நாற்று நட்டுக்கொண்டிருந்த தாய்மார்களிடமும் போயிருந்தோம். "எங்க ஊருக்குப் பொழுது சாஞ்சா பஸ்ஸே இல்லீங்க. டவுனுக்குள்ளே ரயில் வந்தா எங்களுக்கென்ன, வராட்டி எங்களுக்கென்ன?" என்று அவர்கள் கேட்டார்கள்.

இரண்டும் நியாயமான கேள்விகள். இந்த இரண்டுக்கும் பதில் சொல்வதுதான் இன்றைய நமது வேலை.

நடந்தது என்ன?

முதலில் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம். கோவைக்கும் மதுரைக்கும் மெட்ரோ ரயில் விடுவதற்கு 2023-ல் விரிவான திட்ட அறிக்கைகள் தயாராயின. மதுரையில் திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை 32 கிலோமீட்டர், 11,368 கோடி ரூபாய். அறிக்கைகள் டில்லிக்குப் போயின. இன்னும் ஆவணங்கள் வேண்டும் என்றார்கள்; மாநில சர்க்கார் அவற்றையும் கொடுத்தது. கடைசியில் 2025 நவம்பரில் மத்திய சர்க்கார் இரண்டு அறிக்கைகளையும் திருப்பி அனுப்பிவிட்டது.

சொன்ன காரணம் என்ன? 2017-ம் வருஷத்து மெட்ரோ ரயில் கொள்கைப்படி நகரத்தில் 20 இலட்சம் ஜனத்தொகை இருக்கவேண்டுமாம். 2011 ஜனத்தொகைக் கணக்கில் கோவை மாநகராட்சியில் 15 இலட்சத்து 84 ஆயிரம் பேர்தான் இருந்தார்களாம். பயணிகள் எண்ணிக்கையைக் கூட்டிப் போட்டிருக்கிறீர்கள், சாலையில் இடம் போதாது, பஸ் போன்ற எளிய ஏற்பாடே போதும் என்றும் சொன்னார்கள்.

தோழர்களே, இந்தத் தர்க்கத்தை உரசிப் பார்ப்போம்.

2011-க்குப் பிறகு 2021-ல் ஜனத்தொகைக் கணக்கு எடுத்திருக்கவேண்டும். எடுக்காமல் விட்டது யார்? இதே மத்திய சர்க்கார். தான் எடுக்காத கணக்கைக் காட்டி, உன்னிடம் ஆளில்லை என்று நம்மிடமே சொல்கிறார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ரயிலேறி வந்து நம்முடன் ஸ்பின்னிங்கிலும் பவுண்டரியிலும் நிற்கும் தொழிலாளிகள் எந்தக் கணக்கில் சேர்ந்தார்கள்?

மாநகராட்சி எல்லையோடு நகரம் முடிந்துவிடுகிறதா? சூலூரிலிருந்தும் அன்னூரிலிருந்தும் அதிகாலையில் வேலைக்கு வருபவர்கள் எல்லைக் கல்லைப் பார்த்தா பஸ் ஏறுகிறார்கள்? அதே 2011 கணக்கில் சுற்றுவட்டாரத்தையும் சேர்த்த கோவை நகரத் தொகுதியின் ஜனத்தொகை 21 இலட்சத்திற்கு மேல். அந்த எண்ணை எடுத்தால் அவர்கள் போட்ட கோட்டைக் கோவை தாண்டிவிடுகிறது.

மதுரை தாண்டவில்லை என்பது உண்மை. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் கோடு எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவேண்டாமா? போபாலுக்கு 2018-லும் ஆக்ராவுக்கு 2019-லும் அனுமதி கொடுத்தார்கள். இரண்டும் 2017 கொள்கைக்குப் பிறகு கொடுத்த அனுமதிகள். 2011 கணக்கில் ஆக்ரா நகரத்தில் 15 இலட்சத்து 85 ஆயிரம் பேர், கோவைக்குச் சமம். சுற்றுவட்டாரத்தைச் சேர்த்தாலும் ஆக்ராவும் போபாலும் 20 இலட்சத்தைத் தொடவில்லை. அங்கே வளைந்த கோல் இங்கே வந்ததும் நிமிர்ந்துவிட்டது! இதைப் பாரபட்சம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

நமது பக்கத்துத் தவறு

எதிராளியின் வாதத்தில் உண்மை இருந்தால் அதையும் ஒப்புக்கொள்வது தொழிலாளி வர்க்கத்தின் பழக்கம். பயணிகள் எண்ணிக்கையைக் கூட்டிப் போடுவது நம் நாட்டில் பல மெட்ரோத் திட்டங்களில் நடந்திருக்கிறது. கொச்சியில் தினசரி மூன்றரை இலட்சம் பேருக்கு மேல் வருவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். 2017-ல் ரயில் ஓடத் தொடங்கியது. ஒரு இலட்சத்தை எட்டவே பல ஆண்டுகள் பிடித்தன. திட்டம் போட்டுக் கொடுக்கும் கன்சல்டிங் கம்பெனிகள் கணக்கு முடிந்ததும் காசை வாங்கிக்கொண்டு போய்விடும். எண் தவறினால் கடனைக் கட்டுவது ஜனங்கள். எனவே ஆள் கணக்கு சரியாக இருக்கவேண்டும் என்று கேட்பதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. அந்தக் கணக்கை எல்லோருக்கும் கேள் என்கிறோம்.

எல்லோருக்கும் என்றால் காருக்கும் சேர்த்துத்தான். இதே அவிநாசி சாலையில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10 கிலோமீட்டருக்கு மேம்பாலம் கட்டினார்கள். ஒரு சர்க்கார் தொடங்கியது. அடுத்த சர்க்கார் முடித்து 2025 அக்டோபரில் திறந்து வைத்தது. செலவு சுமார் 1,791 கோடி ரூபாய். அதன்மேல் எத்தனை தொழிலாளிகள் போவார்கள் என்று யாராவது கணக்குக் கேட்டார்களா? மேம்பாலத்தின் மேல் பஸ் நிறுத்தம் உண்டா? கார்க்காரன் பத்து நிமிஷத்தில் மேலே பறக்கிறான். நாம் தூண் நிழலில் டவுன் பஸ்ஸுக்கு நிற்கிறோம். ரயில் பேச்சு இருந்த அதே சாலையில் முதலில் காருக்கு இடம் ஒதுக்கியாகிவிட்டது. பிறகு ரயிலுக்கு இடம் போதாது என்கிறார்கள்!

இதில் நமது குற்றமும் உண்டு, தோழர்களே. மேம்பால வேலை தொடங்கியபோது நாம் என்ன செய்தோம்? இடிபட்ட பெட்டிக்கடைகளுக்கு மாற்று இடம் கேட்டோம். அது சரியான கோரிக்கைதான். ஆனால் இந்தப் பணத்தில் எத்தனை பஸ் வாங்கலாம், இந்தச் சாலை யாருக்கு என்ற கேள்வியை ஒரு மில் வாசலிலும் நாம் எழுப்பவில்லை. அது இஞ்சினீயர்கள் விஷயம் என்று இருந்துவிட்டோம். "படிச்சவங்க சமாச்சாரம்" என்று அந்தத் தோழர் சொன்னபோது நமக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அந்தப் பாடத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்ததே நமது மௌனம்தான்.

கடன் கணக்கு

இனிப் பணத்திற்கு வருவோம். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தை எடுத்துக்கொள்வோம். 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். 2020 நவம்பரில் மத்திய உள்துறை மந்திரியே வந்து அடிக்கல் நாட்டினார். 2021 பிப்ரவரியில் மத்திய பட்ஜெட்டில் பெருமையாக அறிவித்தார்கள். ஆனால் மத்திய மந்திரிசபை அனுமதி கொடுத்தது 2024 அக்டோபர் 3-ந் தேதி. நடுவில் மூன்று ஆண்டு எட்டு மாதம். அதுவரை இது மாநிலத் திட்டம் என்று சொல்லி, பாரத்தை மாநிலத்தின் தலையிலேயே வைத்திருந்தார்கள்.

அனுமதி கொடுத்தபோது, செலவில் 65 சதவீதம் எங்களுடையது என்று டில்லி அறிவித்தது. கேட்பதற்கு இனிப்பாக இருக்கிறது. அவிழ்த்துப் பார்ப்போம். திட்டச் செலவை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாநில சர்க்கார் போடுவது 35 ரூபாய். மத்திய சர்க்காரின் பங்கு மூலதனமும் துணைக் கடனும் சேர்ந்து 12 ரூபாய். மிச்சம் 53 ரூபாய் ஜப்பானிய ஸ்தாபனத்திடமும் சர்வதேச பாங்குகளிடமும் வாங்கும் கடன். கோடிக் கணக்கில் சொன்னால் 22,228, 7,425, 33,593.

அந்த 53 ரூபாயை டில்லி வாங்கிக் கொடுக்கிறது என்பது மெய். ஆனால் கடன் கடன்தானே? மெட்ரோ கம்பெனி சம்பாதித்துத் திருப்பிக் கட்டவேண்டிய பணம் அது. மெட்ரோ கம்பெனி எங்கிருந்து சம்பாதிக்கும்? உங்கள் டிக்கெட்டிலிருந்து. அது போதாவிட்டால்? மாநில கஜானாவிலிருந்து, அதாவது நீங்கள் சோப்புக்கும் செருப்புக்கும் கொடுக்கும் வரியிலிருந்து. கடனுக்குச் சிபாரிசு செய்தவன் தானம் கொடுத்தேன் என்று தம்பட்டம் அடிக்கிறான்!

நாற்று நடும் தாய்மார்களே, உங்கள் கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. 2025 டிசம்பரில் மத்திய சர்க்கார் நூறு நாள் வேலைச் சட்டத்தை நீக்கிவிட்டுப் புதிய சட்டம் கொண்டுவந்தது. 125 நாள் என்று பெரிதாக எழுதினார்கள். அடியில் என்ன எழுதினார்கள்? செலவில் 40 சதவீதத்தை மாநிலம் போடவேண்டும் என்று. முன்பு கூலிப் பணம் முழுவதையும் கொடுத்த டில்லி கையைச் சுருக்கிக்கொண்டது. நகரத்து ரயிலுக்கும் நாட்டுப்புறத்துக் கூலிக்கும் ஒரே தந்திரம்: அறிவிப்பு டில்லிக்கு, பளு மாநிலத்திற்கு. மாநிலத்தின் பானை ஒன்றுதான். ரயிலுக்குக் கடன் அதிகமானால் உங்கள் கூலிக்கும் ஊர்ப் பஸ்ஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சோறு குறையும். ஆகவே டவுனுக்குள் ஓடும் ரயிலுக்கு யார் பணம் போடுகிறார்கள் என்பது வயலில் நிற்கும் உங்கள் பிரச்னையும் ஆகும்.

இலாபம் அவனுக்கு, நட்டம் நமக்கு

2017 கொள்கையில் இன்னொரு நிபந்தனை இருக்கிறது. மத்திய உதவி வேண்டுமானால் ஏதாவதொரு பகுதியில் தனியார் கம்பெனி பங்குபெற வேண்டும். ரயில் முழுவதையும் கொடுக்கலாம். அல்லது டிக்கெட் கொடுப்பது, ரயிலை ஓட்டிப் பராமரிப்பது போன்ற ஒரு துண்டைக் கொடுக்கலாம்.

தனியார் நடத்தினால் திறமையாக நடத்துவான் என்கிறார்கள். அனுபவம் என்ன சொல்கிறது? டில்லி விமான நிலைய ரயில் 2011-ல் ரிலையன்ஸ் கம்பெனியின் கையில் ஓடத் தொடங்கியது. 2013-ல் கம்பெனி கைகழுவியது. சர்க்கார் கம்பெனியான டில்லி மெட்ரோ எடுத்து நடத்தியது. ஐதராபாத்தில் லார்சன் அண்டு டூப்ரோ கம்பெனி 69 கிலோமீட்டர் மெட்ரோவை நடத்தியது. கடைசியில் 2025 செப்டம்பரில் தெலங்கானா சர்க்கார் அதை எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டது. கூடவே வந்த கடன் சுமார் 13,000 கோடி. கம்பெனியின் பங்குக்குக் கொடுப்பது சுமார் 2,000 கோடி. இலாபம் வரும் என்று தோன்றினால் உள்ளே வருவான். வராது என்று தெரிந்தால் சாவியை சர்க்காரிடம் வீசிவிட்டுப் போவான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

இது புதிய கதையும் அல்ல. இன்று இலகு ரயில் என்றும் மெட்ரோலைட் என்றும் புதுப் பெயர் வைத்துப் பேசுகிறார்கள். சாலையோடு சாலையாகச் சிறிய ரயில் ஓடுவது நமது பாட்டன் காலத்துச் சங்கதி. அதற்குப் பெயர் டிராம். சென்னையில் 1895-ல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. நட்டம் என்று சொல்லி 1953-ல் கம்பெனி கதவை மூடியது. தண்டவாளம் போயிற்று, டிராம் தொழிலாளிகள் தெருவில் நின்றார்கள். அன்று கைவிட்டதைத்தான் இன்று பெரிய நகரமெல்லாம் கோடி கோடியாய்க் கொட்டித் தேடுகிறது.

மெட்ரோலைட் செலவு குறைந்தது. பெரிய மெட்ரோவில் பாதிக்கும் குறைவு என்று 2019-ல் மத்திய சர்க்காரே சொன்னது. கோவைக்கும் தொடக்கத்தில் அந்தப் பேச்சு அடிபட்டது. எந்த ரயில் என்பதில் நமக்குப் பிடிவாதம் இல்லை. குறைந்த செலவில் நிறையப் பேரை ஏற்றிப் போகும் எதுவும் நமக்குச் சம்மதமே. பெரிதா சிறிதா என்று இஞ்சினீயர்கள் சொல்லட்டும். யாருடைய உடைமை, என்ன கட்டணம் என்பதை ஜனங்கள் சொல்லவேண்டும்.

கட்டணம்

சென்னையில் 2015-ல் கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை, சுமார் 10 கிலோமீட்டருக்கு, 40 ரூபாய் டிக்கெட் வைத்துத் திறந்தார்கள். கட்டடத் தொழிலாளி ஏறுவானா? பிறகு 2021 பிப்ரவரியில், தேர்தல் வரும் வேளையில், அதிகபட்சக் கட்டணத்தை 70-லிருந்து 50 ஆகக் குறைத்தார்கள். குறைக்க முடியும் என்பது அப்போதுதான் தெரிந்தது! பெங்களூரில் என்ன ஆயிற்று? 2025 பிப்ரவரியில் அதிகபட்சக் கட்டணம் 60-லிருந்து 90 ஆக ஏறியது. ஏறியதும் பயணிகள் கூட்டம் குறைந்தது.

நமது கணக்கைப் போட்டுப் பார்ப்போம். போக 30, வர 30 என்றால் நாளைக்கு 60 ரூபாய். மாதம் 26 நாளில் 1,560 ரூபாய். ஒரு குடும்பத்தில் இரண்டு பேர் வேலைக்குப் போனால் 3,120. இது வாடகையில் பாதியா, அரிசிக் கணக்கா, பிள்ளையின் பீஸா? இப்படிப்பட்ட ரயில் நம் தலைக்கு மேல் ஓடும். நாம் கீழே நின்று அண்ணாந்து பார்ப்போம்.

இதை மாற்ற முடியாதா? 1953-ல் கல்கத்தாவில் வெள்ளைக்காரர்களின் டிராம் கம்பெனி இரண்டாம் வகுப்புக் கட்டணத்தில் ஒரே ஒரு பைசா ஏற்றியது. ஒரு பைசாதானே என்று ஜனங்கள் இருந்துவிடவில்லை. நமது கட்சியும் மற்ற இடதுசாரிகளும் முன்னே நிற்க, தொழிலாளிகளும் மாணவர்களும் குமாஸ்தாக்களும் பழைய கட்டணத்தையே நீட்டினார்கள். தடியடி, கைது, துப்பாக்கிச் சூடு எல்லாம் வந்தன. கடைசியில் உயர்வு வாபஸாயிற்று. அந்த ஒரு பைசாவை நினைவில் வையுங்கள்.

பஸ்ஸை விட்டுவிட்டு ரயிலா?

பஸ் போதும் என்று டில்லி சொன்னதே, அதற்கும் பதில் சொல்லவேண்டும். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்கள் இலவசமாகப் போகிறார்கள். ரீலிங்கில் நிற்கும் நமது சகோதரிகளைக் கேளுங்கள், அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்வார்கள். நாளை அவிநாசி சாலையில் ரயில் வந்ததும், ரயிலுக்கு ஆள் சேர்ப்பதற்காக இந்தப் பஸ்களைக் குறைத்தால் என்ன ஆகும்? இலவசமாகப் போனவள் 30 ரூபாய் கொடுக்கவேண்டும். அது முன்னேற்றம் அல்ல; கூலி வெட்டு.

ரயில் மெயின் ரோட்டில் ஓடும். தொழிலாளி மெயின் ரோட்டிலா குடியிருக்கிறான்? ஸ்டேஷனிலிருந்து ஊருக்கு மூன்று மைல் இருந்தால், அந்த மூன்று மைலுக்குப் பஸ் வேண்டும். ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும்போதும் வேண்டும். பஸ் கை, ரயில் கால்; ஒன்றை வெட்டி மற்றொன்றை வளர்க்க முடியாது.

நிலத்தையும் மறக்கவேண்டாம். ஸ்டேஷன் எங்கே வரும் என்ற செய்தி கசிந்தாலே அக்கம்பக்கத்துச் செண்ட் விலை ஏறும். தோட்டத்தை மனை போட்டு விற்பவன் இலட்சங்களை எண்ணுவான். அந்தத் தோட்டத்தில் களை எடுத்தவளுக்கு வேலை போகும். லைன் வீட்டில் குடியிருக்கும் மில் தொழிலாளிக்கு வாடகை ஏறும். ஜனங்கள் பணத்தில் போட்ட ரயிலால் ஏறிய விலை ஜனங்களுக்குச் சேரவேண்டாமா? அந்த உயர்வில் ஒரு பங்கை வரியாக வாங்கி ரயிலுக்குப் போடலாம் என்று அதே 2017 கொள்கை சொல்கிறது. ஏழை டிக்கெட்டில் கை வைக்குமுன் அங்கே கை வையுங்கள் என்கிறோம்.

நமது கோரிக்கைகள்

ஆகவே தோழர்களே, ரயில் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நகரம் புகையிலும் நெரிசலிலும் திணறுகிறது. மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போன எத்தனை இளைஞர்களை இதே சாலையில் இழந்திருக்கிறோம்! ரயில் வரவேண்டும். நமது நிபந்தனைகள் இவை:

1. ஆக்ராவுக்கும் போபாலுக்கும் உள்ள அளவுகோலே கோவைக்கும் மதுரைக்கும் வேண்டும். பழைய ஜனத்தொகைக் கணக்கைக் காட்டித் தட்டிக் கழிக்கக்கூடாது.

2. மத்திய சர்க்கார் தன் பங்கைக் கடனாக அல்ல, மூலதனமாகத் தரவேண்டும். தனியாருக்குப் பங்கு என்ற நிபந்தனையை நீக்கவேண்டும்.

3. பயணிகள் கணக்கையும் கடன் ஷரத்துகளையும் தமிழில் அச்சிட்டு ஜனங்கள் முன் வைக்கவேண்டும்.

4. தொழிலாளி மாதப் பாஸ், டவுன் பஸ் கட்டணத்தோடு ஒட்டியதாக இருக்கவேண்டும். பெண்களின் இலவசப் பயணம் ரயிலுக்கும் வேண்டும். ரயிலைக் காட்டி ஒரு டவுன் பஸ்ஸும் நிறுத்தப்படக்கூடாது.

5. நிலம் இழப்பவர்களில் சொந்தக்காரனுக்கு மட்டுமல்ல, அந்த நிலத்தில் உழைத்தவர்களுக்கும் குடியிருந்தவர்களுக்கும் நஷ்டஈடும் மாற்று இடமும் தரவேண்டும்.

6. ரயிலை ஓட்டுபவரும் கூட்டுபவரும் நிரந்தரத் தொழிலாளிகளாக இருக்கவேண்டும். சங்க உரிமை வேண்டும். சென்னை மெட்ரோவில் சங்கம் வைத்ததற்காக ஊழியர்கள் வேலை நீக்கப்பட்டு, 2019 ஏப்ரல் இறுதியில் வேலைநிறுத்தம் செய்யவேண்டி வந்ததை நாம் மறக்கவில்லை.

இந்தக் கோரிக்கைகளை ஒவ்வொரு மில் வாசலிலும் ஒவ்வொரு ஊர்ச் சாவடியிலும் படித்துக் காட்டுங்கள். கையெழுத்து வாங்குங்கள். போனஸ் கோரிக்கைப் பட்டியலோடு இதையும் சேர்த்து எழுதுங்கள். முதலாளி கையில் வாங்கும் கூலியைச் சாலையில் பறிகொடுத்தால் போனசால் என்ன பயன்? பட்டணத்துத் தொழிலாளி கிராமத்துப் பஸ்ஸுக்காகக் கொடி பிடிக்கட்டும். வயலில் உழைப்பவள் மில் தொழிலாளியின் பாஸுக்காகக் கையெழுத்துப் போடட்டும்.

நாம் வணங்கிய நால்வரும் தங்கள் கூலிக்காக மட்டும் நின்றவர்கள் அல்ல. சங்கத்திற்காகவும் கூட வேலை செய்தவர்களின் மானத்திற்காகவும் நின்றவர்கள். அவர்கள் நடந்த சாலையில் நாளை ஓடும் ரயிலில், கூலிக்குப் போகும் பெண் உட்கார்ந்து போகவேண்டும். அதற்கு இன்றே வேலையைத் தொடங்குவோம்.

சின்னியம்பாளையம் தியாகிகள் நாமம் வாழ்க!

தொழிலாளி, விவசாயி ஒற்றுமை ஓங்குக!